மஞ்சளை இறக்கிவிட்டு ஆபரேஷனா, நேராக ஆபரேஷனா?

கணையத் தலையில் கட்டி, பித்தநாளம் அடைபட்டிருக்கிறது, பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சளைத் தரும் பொருள்) 11 மி.கி. முதலில் பார்த்த இடத்தில் "நாளைக்கே எண்டோஸ்கோபி பண்ணி ஸ்டென்ட் வெச்சிடலாம், மஞ்சள் இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்று சொல்லியிருப்பார்கள். வீட்டாருக்கும் அதுதான் நியாயமாகப் படும். கண் இவ்வளவு மஞ்சளாக இருக்கும்போது எப்படி வயிற்றைத் திறப்பது? ஆனால் இந்த நிலையில் வருகிறவர்களில் பலருக்கு அந்த ஸ்டென்ட் (அடைப்பின் குறுக்கே வைக்கும் சிறு குழாய்) வேண்டியதே இல்லை, வைத்தால் கெடுதலும் உண்டு. வேறு சிலருக்கு அது இல்லாமல் ஆபரேஷனுக்குப் போவது ஆபத்து. இவர்களைப் பிரித்தறிய பிலிருபின் எண் மட்டும் போதாது. அடைப்பு எங்கே, என்ன ஆபரேஷன், எந்தத் தேதியில் என்பதெல்லாம் தெரிந்த பிறகே குழாயைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்கும் முன்னால், இது அடைப்புக் காமாலைதானா என்பது தெளிவாக வேண்டும். காமாலை என்றதும் கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம் என்று மூன்று நான்கு வாரம் ஓடிவிடுவது நம் பக்கத்தில் சகஜம். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயரை மருந்து வாங்கிக்கொள்ளும். அடைப்புக் காமாலை அப்படி இறங்காது. மலம் களிமண் போல வெளுத்துப்போவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறுவது, இரவில் தூங்கவிடாத அரிப்பு, வலியே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறும் மஞ்சள், எடை குறைவது: இவை சேர்ந்து வந்தால் அன்றே வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக் கிளைகள் விரிந்திருக்கிறதா, பொதுப் பித்தநாளம் வழக்கமான 6 மில்லிமீட்டருக்கு மேல் போயிருக்கிறதா என்பது சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தெரியும். ஒரு விதிவிலக்கை நினைவில் வைக்க வேண்டும். பித்தநாளம் குடலில் திறக்கும் முனையில் வரும் கட்டியில் மஞ்சள் ஏறி இறங்கி ஏறும். இறங்கிய வாரத்தை நம்பி விட்டுவிடக் கூடாது.

அடைப்பை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பெரிய ஆபரேஷன் என்ற எண்ணம் பழையது. கணையத் தலையை எடுக்கும் ஆபரேஷனுக்கு (இன்று விப்பிள் ஆபரேஷன்) அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட முறையே இரண்டு கட்டமானது: முதலில் பித்தத்துக்கு மாற்றுவழி, சில வாரம் கழித்துக் கட்டியை எடுப்பது. காமாலை நோயாளிக்கு ரத்தம் உறையாது, மேசையிலேயே கசிந்துகொண்டிருக்கும் என்பதுதான் அன்றைய பெரிய பயம். குடலுக்குப் பித்தம் வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேராது. வைட்டமின் கே குறைந்தால் உறைதல் காரணிகள் குறையும். வைட்டமின் கே ஊசி கைக்கு வந்ததும் ஒரே கட்டத்தில் முடிக்க வழி பிறந்தது. ஆனாலும் நீண்டநாள் அடைப்பு உடலைக் கெடுக்கிறது என்பது உண்மை. சிறுநீரகம் எளிதில் பாதிக்கப்படும், குடலின் கிருமி நஞ்சு ரத்தத்தில் ஏறும், எதிர்ப்புச் சக்தி குறையும், உடல் தேயும். எண்டோஸ்கோபி ஸ்டென்ட் வந்தபிறகு எல்லாருக்கும் முதலில் வடிகால் என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த வழக்கத்தை உலுக்கியது நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு. கணையத் தலைக் கட்டியோடு வந்த 202 பேர். பிலிருபின் 40 முதல் 250 மைக்ரோமோல் வரை, நம் கணக்கில் 2.3 முதல் 14.6 மி.கி. வரை. ஒரு பாதிப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் நேராக ஆபரேஷன், மறுபாதிக்கு 4 முதல் 6 வாரம் ஸ்டென்ட் வைத்துவிட்டு ஆபரேஷன். கடுமையான சிக்கல்கள் நேராகப் போனவர்களில் 39 சதவீதம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 74 சதவீதம். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் சிக்கல்கள் பெரும்பாலும் ஸ்டென்ட்டால் வந்தவை: பித்தநாளத் தொற்று, அடைத்துக்கொண்ட குழாய், கணைய அழற்சி. அதுவரை கிருமியே இல்லாத பித்தத்துக்குள் குடலிலிருந்து வழி திறந்துவிட்டால் கிருமி ஏறத்தான் செய்யும்.

இந்த முடிவைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்று, அங்கே வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட். இரண்டாவது நம் மருத்துவமனைகளுக்கு முக்கியமானது: நேராக என்றால் அங்கே ஒரு வாரத்துக்குள். ஆபரேஷன் தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றால் அந்த ஒப்பீடே பொருந்தாது. ஏறும் மஞ்சளோடு ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்வது தவறு. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாளில் தேதி கிடைக்கும்?" என்பது. பத்து நாளுக்குள் என்றால், காய்ச்சல் இல்லை, பிலிருபின் 15-க்குக் கீழ், சிறுநீரகம் சரி, கட்டியை எடுக்க முடியும் என்றால், ஸ்டென்ட் இல்லாமல் போவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வடிகால் கட்டாயம் வேண்டியவர்கள் உண்டு. குளிர்காய்ச்சலோடு பித்தநாளத் தொற்று வந்தவர். இவருக்கு வடிகால் அவசர சிகிச்சை, மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். பிலிருபின் 15-ஐத் தாண்டியவர், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) ஏறுகிறவர், ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ தேவைப்படுகிறவர் (பிலிருபின் இயல்புக்கு அருகில் வராமல் பல கீமோ மருந்துகளைத் தொடங்க முடியாது), உடல் மிகவும் தேய்ந்து சில வாரம் தேற்ற வேண்டியவர், கல்லீரலின் பெரும்பகுதியை வெட்ட வேண்டியவர். தாங்க முடியாத அரிப்பும் ஒரு காரணம்தான். முழு அடைப்பில் கொலெஸ்டிரமின் பொடி கொடுத்துப் பயனில்லை. பித்த அமிலம் குடலுக்கே வராதபோது அது எதைப் பிடிக்கும்? ரிஃபாம்பிசின், செர்ட்ராலின் போன்றவை சிலருக்கு உதவும். அடைப்பு நீங்கினால் சில நாளில் அரிப்பு அடங்கும்.

சரி, வடிகால் என்று முடிவாகிவிட்டது. அடுத்து நடக்கும் பெரிய தவறு வரிசைத் தவறு. ஸ்டென்ட்டை வைத்துவிட்டு அப்புறம் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். ஸ்டென்ட் போனதும் விரிந்த நாளம் சுருங்கிவிடும், சிறிய கட்டி எங்கே என்று தெரியாமல் போகும். உலோக ஸ்டென்ட் படத்தில் கீற்றுகளை வீசும். எண்டோஸ்கோபிக்குப் பிறகு கணையம் லேசாக வீங்கியிருந்தாலும், கட்டிக்கும் பெரிய ரத்தக்குழாய்களுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் மறைந்துவிடும். எடுக்கக்கூடிய கட்டியா இல்லையா என்பதை அந்தப் படலத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். எனவே கணையத்துக்கென்று எடுக்கும் மெல்லிய துண்டு சி.டி. முதலில், அறுவை மருத்துவர் அந்தப் படத்தைப் பார்ப்பது அடுத்து, குழாய் கடைசியில். திசு எடுக்க வேண்டுமானால் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் ஊசி போட்டு எடுப்பதும் ஸ்டென்ட்டுக்கு முன்னாலேயே, முடிந்தால் அதே மயக்கத்தில். சி.ஏ. 19-9 (கணையப் புற்றில் ஏறும் ஒரு ரத்தப் பரிசோதனை) அளவை மஞ்சளோடு எடுத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புற்றே இல்லாத அடைப்பிலும் அது எகிறும். மஞ்சள் இறங்கியபிறகு எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு. கணையம் முழுவதும் பருத்து, கட்டிபோலத் தோன்றினால் ஐ.ஜி.ஜி.4 (ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையும் செய்ய வேண்டும். அது ஸ்டீராய்டுக்கு அடங்கும் நோயாக இருக்கலாம், ஆபரேஷனே வேண்டியிராது.

முன்தயாரிப்பு. வைட்டமின் கே 10 மி.கி. நரம்பில் மெதுவாக, தினம் ஒன்றாக மூன்று நாள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் எண்) 1.5-க்குக் கீழ் வர வேண்டும், தட்டணுக்கள் 50,000-க்கு மேல். மூன்று ஊசிக்கும் ஐ.என்.ஆர். அசையவில்லை என்றால் கல்லீரலே தளர்ந்திருக்கிறது என்று பொருள், திட்டத்தை மறுபடி யோசிக்க வேண்டும். சி.டி. மருந்து ஏற்றும் முன்னும் பின்னும் உடலில் நீர் குறையக் கூடாது. வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன ஆறு எட்டு மணி நேரத்தில் குளுக்கோஸோ சலைனோ ஓடாமல் காயவிட்டால் காமாலைச் சிறுநீரகம் தாங்காது. மூட்டுவலிக்குத் தினமும் வலிமாத்திரை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும். குளோபிடோக்ரல் ஐந்து முதல் ஏழு நாள் முன்பும், வார்ஃபரின் ஐந்து நாள் முன்பும் நிறுத்தப்படும், அதுவும் இதய மருத்துவரைக் கேட்ட பிறகே. இதய ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம்.

ஸ்டென்ட் வைக்கும் எண்டோஸ்கோபியான ஈ.ஆர்.சி.பி. செய்யும் விதம் இதுதான். வாய் வழியாக எண்டோஸ்கோப் சிறுகுடலின் தொடக்கம் வரை போகும். பித்தநாளம் திறக்கும் முனையில் மெல்லிய கம்பி நுழையும், சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் அடைப்பைப் பார்ப்பார்கள், கம்பியின் மேலேயே ஸ்டென்ட்டைத் தள்ளி அடைப்பின் குறுக்கே நிறுத்துவார்கள். முனையைச் சிறிது வெட்டுவதும் உண்டு. கம்பி தவறிக் கணைய நாளத்துக்குள் பலமுறை போனால் கணைய அழற்சி வரும். அதைக் குறைக்க டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதாசின் 100 மி.கி. ஆசனவாய் வழியாக ஒருமுறை வைப்பார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் அது கூடாது என்பதை முன்னதாகவே சொல்லுங்கள். அன்று இரவு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி வந்தால் வாயு என்று விடாமல் ரத்தத்தில் கணைய நொதிகளான அமிலேஸ், லிபேஸ் பார்க்க வேண்டும். முனையை வெட்டியிருந்தால் ஒன்றிரண்டு வாரம் வரை கூட ரத்தக்கசிவு வரலாம். தார் போன்ற கறுப்பு மலம்தான் அடையாளம்.

பிளாஸ்டிக்கா, உலோகமா? வழக்கமான பெரிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் 10 பிரெஞ்சு, அதாவது வெளி விட்டம் 3.3 மில்லிமீட்டர். உலோக வலை ஸ்டென்ட் விரிந்தால் 10 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் மூன்று மாதத்துக்குள் அடைத்துக்கொள்ளும், கீமோ எடுப்பவர்களுக்கு அதற்கு முன்பே அடைக்கலாம். அதே நெதர்லாந்துக் குழு பிறகு முழு உறையிட்ட உலோக ஸ்டென்ட்டை வைத்துப் பார்த்தபோது, வடிகாலால் வந்த சிக்கல்கள் பிளாஸ்டிக்கில் இருந்த 46 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தன. விலை பல மடங்கு அதிகம்தான். ஆனால் அடைத்த பிளாஸ்டிக்கை மாற்ற இன்னொரு எண்டோஸ்கோபி, தொற்றுக்கு ஒரு வாரம் படுக்கை, தள்ளிப்போகும் கீமோ ஆகியவற்றைக் கூட்டினால் உலோகமே சிக்கனம் என்பதைப் பல குடும்பங்களுக்கு யாரும் விளக்குவதில்லை. புற்று என்று திசுவில் உறுதியாகாதவரை உறையில்லாத உலோக ஸ்டென்ட் வைக்கக் கூடாது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. உறையிட்டதை எடுக்கலாம், ஆனால் அது நழுவலாம், பித்தப்பையின் வாயை மறைத்துப் பித்தப்பை அழற்சியைக் கொண்டுவரலாம். நீளம் 4 அல்லது 6 செ.மீ. போதும். மேலே கல்லீரல் வாயில் வரை நீட்டிவிட்டால், அறுவை மருத்துவர் குடலோடு இணைக்கத் தேவையான நல்ல நாளம் மிஞ்சாது.

வைத்த பிறகு வீட்டில் எல்லாரும் கண்ணையே பார்ப்பார்கள். கண் கடைசியில்தான் வெளுக்கும். முதலில் மலத்துக்கு நிறம் வரும், சிறுநீர் தெளியும். பிலிருபினில் ஒரு பகுதி ஆல்புமினோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆல்புமின் இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகக் கழியும் பொருள், அதோடு ஒட்டியதும் அந்த வேகத்தில்தான் போகும், சிறுநீரில் வெளியேறாது. அதனால் சிறுநீர் தெளிந்து, மலம் மஞ்சளாகி, பிலிருபின் எண் மட்டும் மெதுவாக இறங்கினால் ஸ்டென்ட் வேலை செய்கிறது. நேர்மாறாக, இறங்கிய எண் திரும்ப ஏறினாலோ சிறுநீர் மறுபடி கறுத்தாலோ காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சல் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது மிக ஆபத்தான யோசனை. அன்றிரவே மருத்துவமனை. ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். அடைத்த குழாயை மாற்றாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் நீட்டினால் காய்ச்சல் இறங்கி மறுபடி வரும். ஸ்டென்ட்டின் வகை, அளவு, வைத்த தேதி எழுதிய சீட்டு நோயாளியின் பையிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்த மூன்று தகவலும் பாதி வேலையை முடித்துவிடும்.

இதுவரை சொன்னது கீழ்ப்பகுதி அடைப்பு. கல்லீரலிலிருந்து வலது இடது நாளங்கள் வெளிவந்து சேரும் இடத்தில் கட்டி என்றால் கதை வேறு. அங்கே ஆபரேஷன் என்றால் கல்லீரலின் பாதியோ அதற்கு மேலோ போகும். மீதமிருக்கும் துண்டு முதல் நாளிலிருந்தே முழு வேலை செய்ய வேண்டும், பித்தம் தேங்கி வீங்கிய கல்லீரலால் அது முடியாது. ஆகவே அறுவைத் திட்டத்தை எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்), சி.டி. பார்த்து முதலில் வகுத்து, மிஞ்சப்போகும் பக்கத்துக்கு வடிகால் கொடுக்க வேண்டும். வெட்டி எடுக்கப்போகும் பக்கத்தில் குழாயை வைத்துவிட்டு "மஞ்சள் இறங்கவில்லையே" என்று வருவது அடிக்கடி நடக்கிறது. இன்னொரு விதி: எந்தக் கிளைக்கு வடிகால் கொடுக்க முடியாதோ அந்தக் கிளைக்குள் சாயம் செலுத்தக் கூடாது. உள்ளே போன சாயத்தோடு கிருமியும் அடைபட்டுச் சீழ் கட்டும். பிலிருபின் 2 அல்லது 3-க்குக் கீழ் வந்தபிறகே பெரிய வெட்டு. மிஞ்சும் பகுதி சிறியது என்றால், நடுவில் எதிர்ப்பக்கப் போர்ட்டல் சிரையை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைத்து இந்தப் பக்கத்தைச் சில வாரம் வளரவிடுவார்கள்.

இங்கே வடிகால் எண்டோஸ்கோபியில் வாய் வழியா, தோலைத் துளைத்துக் கல்லீரலுக்குள் குழாய் விடும் தோல் வழியா என்ற வாதம் ஓயவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு 54 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டது. தோல் வழிக் குழாய் வைத்தவர்களில் இறப்பு 41 சதவீதம், எண்டோஸ்கோபிப் பக்கம் 11 சதவீதம். சிறிய ஆய்வு, அந்த இறப்புகள் எல்லாவற்றையும் குழாயின் தலையில் போட முடியாது. ஜப்பானில் மூக்கு வழியாக வெளியே வரும் மெல்லிய வடிகுழாயை விரும்புகிறார்கள். நோயாளிக்குத் தொந்தரவு, ஆனால் எவ்வளவு பித்தம் வருகிறது என்று தினமும் தெரியும், குடல் கிருமி ஏறுவதும் குறைவு. நம் ஊரில் எந்த மருத்துவமனையில் எந்தக் கை தேர்ந்ததோ அதுதான் பெரும்பாலும் முடிவாகிறது. அது தவறில்லை, அந்தக் கை இத்தகைய மேல்பகுதி அடைப்புகளை வாடிக்கையாகச் செய்யும் கையாக இருந்தால் போதும்.

தோல் வழிக் குழாயோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே வெளிவரும் குழாய் வழக்கமாக 8 அல்லது 8.5 பிரெஞ்சு. பை எப்போதும் இடுப்புக்குக் கீழ் இருக்க வேண்டும். படுக்கையில் புரளும்போது இழுபடாதபடி குழாயில் ஒரு வளையம் விட்டு வயிற்றுத் தோலோடு ஒட்டுங்கள். தோலில் நுழையும் இடத்தில் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்தால் குழாய் நழுவுகிறது. மருத்துவர் சொன்ன கணக்கில், பெரும்பாலும் தினம் ஒருமுறையோ இருமுறையோ, 5 முதல் 10 மி.லி. சுத்தமான சலைனை மெதுவாக உள்ளே செலுத்தி அலச வேண்டும். உறிஞ்சி இழுக்கவே கூடாது. குடல் நீரும் கிருமியும் மேலே வரும். சலைன் போக மறுத்தால் பலம் கொடுத்துத் தள்ளாமல் போன் செய்யுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் அளவு, நிறம், வெப்பநிலை எழுதுங்கள். 500 மி.லி. வந்துகொண்டிருந்தது திடீரென 50 ஆனால் முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் அடைப்பு அல்லது நழுவல். குழாயைச் சுற்றித் தோலில் பித்தம் கசிவதும் அதே செய்திதான். பையில் புதிய ரத்தம் நிறைந்தால் உடனே கிளம்ப வேண்டும். அளவு அதிகமானாலும் மகிழக் கூடாது. பித்தத்தில் ரத்தத்தில் உள்ள அளவு சோடியமும் நிறைய பைகார்பனேட்டும் இருக்கிறது. தினம் 800 மி.லி. பையில் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் குடித்தால் நாலைந்து நாளில் தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறக்கம், கிரியாட்டினின் ஏற்றம். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெளியே போகும் அளவுக்கு ஈடாகக் குடிக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவில். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே குறைவு இங்கே தொடரும், வாரம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்ப்பது நல்லது. அடைப்பைத் தாண்டிக் குடலுக்குள் குழாயை இறக்க முடிந்தால் இந்த இழப்பு பெரும்பாலும் தீரும், அதைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, தயிர், கொஞ்சம் எண்ணெய், எல்லாம் சாப்பிடலாம். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 கிராமுக்குக் குறையாது, இட்லியும் ரசமும் அதைத் தராது. மலம் மிதந்து எண்ணெய் பளபளத்தால் கணைய நொதி போதவில்லை. 25,000 யூனிட் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும், முடித்த பிறகு எடுத்தால் பயன் குறையும்.

வடிகால் வைத்து ஆபரேஷனுக்குப் போகும்போது கல்லீரல் தேற நான்கு முதல் ஆறு வாரம் கொடுப்பது வழக்கம். அந்த வாரங்களில் ஸ்டென்ட் உள்ள பித்தத்தில் கிருமி குடியேறிவிட்டது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். விப்பிள் ஆபரேஷனில் மயக்கம் கொடுக்கும்போது எந்த ஆன்டிபயாடிக் என்பது இதனால் மாறுகிறது. 2023-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் செஃபாக்சிடின் பெற்றவர்களில் 32.8 சதவீதத்தினருக்கு ஆபரேஷன் இடத்தில் தொற்று வந்தது, பைபரசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 19.8 சதவீதம். முன்பு தொற்று வந்தபோது எடுத்த கல்ச்சர் அறிக்கை இருந்தால் மயக்க மருத்துவரிடம் முந்தின நாளே காட்டுங்கள், மருந்துத் தேர்வு அதைப் பொறுத்தும் மாறும். நாளத்தை வெட்டியதும் மேசையிலேயே கொஞ்சம் பித்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று நாளில் வரும் அந்த அறிக்கையை வார்டில் யாராவது தேடி வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்று ஒத்துப்பார்க்க வேண்டும்.